பட்டாணிக்கு மாலை வேண்டாம்

திண்டுக்கல் நாகல் நகரில் ஜெஸ்ஸி வீட்டுக் கொல்லையில் ஓர் ஆட்டுக்கிடா இருந்தது. பெயர் பட்டாணி. உடம்பெல்லாம் வெள்ளை, வலது காது மட்டும் பழுப்பு. துணி, காகிதம், செருப்பு வார் என்று எதைக் கண்டாலும் வாயில் போட்டுப் பார்க்கும். பிடித்தால் மெல்லும். பிடிக்காவிட்டாலும் மெல்லும், கொஞ்சம் மெதுவாக.

பட்டாணி ஜெஸ்ஸியின் ஆடு இல்லை. அது பானுப்ரியாவின் ஆடு.

பானு அடுத்த வீட்டுக்காரி. இருவரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. பானுவின் அப்பா சோலைமலை ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஏற்றிவிடும் வேலை பார்த்துவந்தார். 2008-ஆம் வருஷம் திருச்சூரிலேயே ஒரு காய்கறிக் கடை பிடித்துவிட்டார். இரண்டு பேரும் ஆறாம் வகுப்புக்குப் போவதற்குள் பானுவின் வீட்டில் மூட்டை கட்டிவிட்டார்கள்.

"கடைக்கு மேல ஒத்த ரூமுங்க. மாடிப்படியில ஆளே ஒருக்களிச்சுத்தான் ஏறணும். ஆட்டை எங்கீங்க கட்டறது?" என்றார் சோலைமலை.

அப்போது பட்டாணி கையில் தூக்கும் குட்டி. பானு அதன் கயிற்றை ஜெஸ்ஸியின் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"யாரு கேட்டாலும் குடுக்க மாட்டேல்ல?"

"மாட்டேன்."

"வெட்ட மாட்டீங்கள்ல?"

"சத்தியமா மாட்டோம்டி. நான் பாத்துக்கிறேன்."

பானு இப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவளிடம் முன்பு செவலை என்று ஒரு சேவல் இருந்தது. ஒருநாள் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். பானு பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது செவலையைக் காணவில்லை. எங்கே என்று கேட்டதற்கு, "பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கு" என்றார்கள். அன்றைக்கு வீடு முழுக்கக் குழம்பு வாசனை. அதிலிருந்து ஆடு, கோழி விஷயத்தில் யார் என்ன சொன்னாலும் பானு நம்புவதில்லை. கண்ணால் பார்த்தால்தான் நம்புவாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பானு தன் அப்பாவின் செல்போனிலிருந்து பேசுவாள். பட்டாணி என்ன தின்றது, எதை முட்டியது, யாரிடம் அடி வாங்கியது என்று ஜெஸ்ஸி எல்லாம் சொல்வாள். டிசம்பர் பிறந்ததும் பானுவின் குரல் மாறிவிட்டது.

"கிறிஸ்துமஸ் வருதுல்ல?"

"ஆமா. ஸ்டார் கட்டியாச்சு."

"உங்க வீட்டுல பிரியாணிதான?"

"ஆமா."

"மட்டனா?"

ஜெஸ்ஸிக்குச் சுருக்கென்றது. "கடையில வாங்குவோம்டி! அப்பா சொல்லி வச்சாச்சு."

"எங்க வீட்டுலயும் செவலை பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்குன்னுதான் சொன்னாங்க."

ஜெஸ்ஸி செல்போனைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். பட்டாணியின் வாய்க்கு நேரே நீட்டினாள். "கத்து பட்டாணி. ஒரே ஒரு தடவ கத்து." தெருவே கேட்கும்படி காலையெல்லாம் கத்திய பட்டாணி இப்போது வாயை இறுக மூடிக்கொண்டது.

பக்கத்தில் நின்ற ரோஹித்துக்குப் பொறுக்கவில்லை. ரோஹித் ஜெஸ்ஸியின் சித்தப்பா மகன், ஒன்பதாம் வகுப்பு. எந்தக் காரியத்திலும் கேட்காமலே உதவிக்கு வருகிறவன். குனிந்து, செல்போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "ம்மே... ம்மேஏ..." என்றான். மூன்றாவது "ம்மே" தொண்டையில் சிக்கி இருமல் வந்துவிட்டது.

"அது ரோஹித் அண்ணன்" என்றாள் பானு. "ஆடு இப்பிடியா இருமும்?"

"ஐயோ பானு, நெசமாவே இருக்குடி!"

"எனக்குக் கண்ணால பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பானு அழத் தொடங்கினாள்.

திருச்சூருக்கு ஆட்டைக் கூட்டிப் போக முடியாது. காய்கறி வியாபாரம் சூடாக இருக்கும் காலம் என்பதால் பானுவும் கோடை விடுமுறைக்கு முன்னால் திண்டுக்கல் வர மாட்டாள். ஆனால் அவள் புதுப் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு கம்ப்யூட்டர் வகுப்பு. இன்டர்நெட்டும் உண்டு.

"அம்புட்டுத்தானே? ஒரு பிளாக் ஆரம்பிச்சுருவோம்" என்றான் ரோஹித்.

"பிளாக்குன்னா?"

"நமக்கே நமக்குன்னு ஒரு பக்கம். வலைப்பூன்னும் சொல்வாங்க. எழுதறத எழுதலாம், போட்டோ போடலாம். எந்த ஊருல இருந்தும் தெறந்து பாக்கலாம்."

ஜெஸ்ஸிக்கு அந்த யோசனை மிகவும் பிடித்துப்போயிற்று. பட்டாணியின் பக்கம்! பானு அதைத் திறப்பாள், பட்டாணி அவளைப் பார்த்து நிற்கும். அவ்வளவுதானே வேண்டும்?

அடுத்த தெருவில் முகமது பாரூக் அண்ணன் நெட் சென்டர் வைத்திருந்தார். நான்கு கம்ப்யூட்டர்கள், நடுவே பிளைவுட் தடுப்புகள். ரோஹித் தன் அப்பாவின் கேமரா செல்போனில் பட்டாணியைப் படமெடுத்து வந்திருந்தான். இருவரும் ஒன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார்கள். அதுதான் அங்கே புதிது. பாரூக் அண்ணன் கல்யாணப் பத்திரிகைகூட அதில்தான் அடிப்பார்.

பிளாக் தொடங்குவது ஜெஸ்ஸி நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. 'பட்டாணியின் பக்கம்' என்று பெயர் வைத்தாள். பத்திரிகை அடிக்கும் அழகான எழுத்தில், ஒரு விரலால் தேடித் தேடித் தட்டினாள்.

'பானு, பட்டாணி சுகமாக இருக்கிறது. நேற்று அம்மாவின் முந்தானையைத் தின்றது. நீ கவலைப்படாதே.'

"முடிஞ்சுது. வா அண்ணே, போவோம்" என்றாள்.

"முடிஞ்சுதா? இனிமேத்தானே இருக்கு!" என்று ரோஹித் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

பிளாக்கில் ஒட்டிக்கொள்வதற்கென்றே இன்டர்நெட்டில் ஆயிரம் சாமான் இலவசமாகக் கிடந்தது. இலவசம் என்றால் ரோஹித்துக்குக் கை நிற்காது. வந்துபோகிறவர்களை எண்ணும் பெட்டி ஒன்று. லண்டனில் இப்போது மணி என்ன என்று காட்டும் கடிகாரம் ஒன்று. மவுஸ் சுட்டியை நீட்டினால் இரை தின்ன வரும் மீன் தொட்டி ஒன்று. மேலிருந்து கீழே ஓயாமல் கொட்டும் பனி. திண்டுக்கல்லில் பனி கொட்டி யாரும் பார்த்ததில்லை என்று ஜெஸ்ஸி சொன்னாள். "அதனாலதான் போடறேன்" என்றான் ரோஹித்.

பக்கம் திறந்ததும் மணியோசை கேட்கும்படி ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு. கீழே ஓடிக்கொண்டே இருக்கும் எழுத்தில், ஆங்கிலத்தில் கிறிஸ்துமஸ் வாழ்த்து. படத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக அசைந்து எரியும் மெழுகுவர்த்திகள்.

"படம் மட்டும் மொட்டையா இருக்கே" என்று ரோஹித் தலையைச் சாய்த்துப் பார்த்தான். ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருப்பது போன்ற சட்டங்கள் ஒரு சாப்ட்வேரில் இருந்தன. இதயம், மயில், ரோஜா என்று ஒவ்வொன்றாகப் பட்டாணிக்கு மாட்டிப் பார்த்தான். கடைசியில் சாமந்தி மாலைச் சட்டம் சரியாகப் பொருந்தியது.

"மாலையா?" என்றாள் ஜெஸ்ஸி.

"மரியாதை புள்ள! பட்டாணின்னா சும்மாவா?"

ஒன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் எல்லாம் பளபளவென்று ஓடியது. கிறிஸ்துமஸ் வீடு மாதிரி ஜெகஜ்ஜோதியாக இருந்தது. பாரூக் அண்ணன்கூட எட்டிப் பார்த்து, "அடேயப்பா!" என்றார். அன்று இரவு ஜெஸ்ஸி பானுவுக்கு பிளாக்கின் முகவரியை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது.

"பாத்தியாடி?" என்று ஜெஸ்ஸி துள்ளிக்கொண்டு எடுத்தாள்.

அந்தப் பக்கம் வெறும் தேம்பல்.

"பட்டாணியக் கொன்னுட்டீங்கள்ல?"

"என்னது?"

"கொன்னுட்டு போட்டோ வேற போட்டிருக்கீங்க. நீ பாத்துக்கிறேன்னு சத்தியம் பண்ணுன. இனிமே உங்கூட நான் பேசவே மாட்டேன்!"

போன் வைக்கப்பட்டுவிட்டது. ஜெஸ்ஸி திரும்பக் கூப்பிட்டாள். எடுத்தவர் சோலைமலை.

"பாப்பா பேச மாட்டேங்குது கண்ணு. சோறுகூட வேண்டாங்குது" என்றவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏங் கண்ணு, நெசமாவே ஆடு இருக்குதா?"

"இருக்கு மாமா" என்று சொல்லிவிட்டு ஜெஸ்ஸி கொல்லைக்கு ஓடினாள். அங்கே பட்டாணி அப்பாவின் காக்கிச் சட்டையில் ஒரு பொத்தானை மென்றுகொண்டிருந்தது. அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஏழு மாதமாகத் தழை ஒடித்துப் போட்டு, மழைக்குச் சாக்குப் போர்த்தி வளர்த்திருக்கிறாள். கடைசியில் கொலைகாரி என்ற பெயர்தான் மிச்சம்.

"விடுடி, கோடை லீவுல வந்து பாத்தா தெரிஞ்சுட்டுப் போகுது" என்றார் அம்மா லூர்தம்மாள். "வா, தட்டுல சோறு ஆறுது. வெஞ்சனம் உனக்குப் பிடிச்ச வாழக்காதான்."

கோடை விடுமுறைவரை பானு பேசாமல் இருந்தால்? ஜெஸ்ஸிக்கு வாழைக்காய் இறங்கவில்லை.

மறுநாள் நெட் சென்டரில் ரோஹித் பிளாக்கைத் திறந்து காட்டினான். மணி அடித்தது, பனி கொட்டியது, மீன் நீந்தியது.

"நல்லாத்தானே இருக்கு? பானுவுக்குத்தான் என்னமோ ஆயிருச்சு" என்றான்.

ஜெஸ்ஸி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள். பானு பார்த்தது ஒன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் இல்லையே! அவள் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் ஆமை என்று பானுவே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

"பாரூக் அண்ணே, இருக்கறதிலயே மோசமான கம்ப்யூட்டர் எது?"

பாரூக் அண்ணன் நெற்றியைச் சுருக்கினார். இதுவரை அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. "நாலாம் நம்பர், பாப்பா. வாசல் பக்கம். அதுல யாரும் உக்கார மாட்டாங்க."

"அதுதான் வேணும்."

நாலாம் நம்பர் எழுந்திருக்கவே நெடுநேரம் எடுத்துக்கொண்டது. ஜெஸ்ஸி பிளாக்கின் முகவரியைத் தட்டினாள். வெள்ளைத் திரை. இன்னும் வெள்ளைத் திரை. பிறகு ஒரு மெழுகுவர்த்தி வந்தது. அதன் சுடர் அசையவில்லை. இன்னொரு மெழுகுவர்த்தி வந்தது.

நடுவில் படம் மேலிருந்து கீழாக, வரி வரியாக இறங்கியது. முதலில் சாமந்தி மாலையின் உச்சி. அப்புறம் பழுப்புக் காது. அப்புறம் பட்டாணியின் முகம், அசையாத கண்கள், சுற்றிலும் மாலை. அவள் ஆசையாகத் தட்டிய எழுத்துகள் எல்லாம் கட்டம் கட்டமாக நின்றன. பத்திரிகை அடிக்கும் எழுத்து அந்தக் கம்ப்யூட்டரில் இல்லை. ஆங்கில வாழ்த்து மட்டும் திக்கித் திக்கி ஓடியது.

பாட்டும் ஆரம்பித்தது. துள்ளிக்கொண்டு அடிக்க வேண்டிய மணி, நாலாம் நம்பரில் ஒரு தடவை அடித்தது. நின்றது. மறுபடி ஒரு தடவை அடித்தது. நின்றது.

"டாங்..."

"டாங்..."

ஜெஸ்ஸி வீட்டார் போகும் மாதா கோயிலில் யாராவது இறந்துபோனால் துக்க மணியை இப்படித்தான் விட்டு விட்டு அடிப்பார்கள். நாகல் நகரில் வளர்ந்த பானுவுக்கும் அந்த மணி தெரியும்.

ஜெஸ்ஸி திரையிலிருந்து கண்ணை எடுத்து வாசலைப் பார்த்தாள். எதிர்ச் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. நடுவில் மீசை வைத்த ஒரு தாத்தா. சுற்றிலும் மாலை. இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி. மேலே பெரிய எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'.

போஸ்டரைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். தாத்தாவுக்கு மீசை இருந்தது, பட்டாணிக்குக் காது இருந்தது. மற்றபடி ஒரு வித்தியாசமும் இல்லை.

"ரோஹித் அண்ணே, இங்க வா. இதப் பாரு. இப்ப அதப் பாரு."

ரோஹித் பார்த்தான். வாய் மெல்லத் திறந்தது.

"ஆத்தீ!" என்றான். "கண்ணீர் அஞ்சலி போட்டுட்டு, கீழ ஹேப்பி கிறிஸ்துமஸ்ஸும் போட்டிருக்கோமே!"

ஜெஸ்ஸிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பானு மேல் இருந்த கோபம் அத்தனையும் போய்விட்டது. தனியாக, மொழி தெரியாத வகுப்பில் உட்கார்ந்து பானு இதைப் பார்த்திருக்கிறாள்.

"ஒண்ணும் கவலப்படாத புள்ள. ஒரு வீடியோ சேத்துருவோம். அப்புறம் ஒரு..."

"சேக்கறத விடு அண்ணே" என்றாள் ஜெஸ்ஸி. "எடுக்கணும்."

"எத?"

"பட்டாணியக் காட்டாத எல்லாத்தையும்."

அவள் நாலாம் நம்பரை விட்டு எழுந்திருக்கவில்லை. அதில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இந்த மீன் தொட்டி பட்டாணியக் காட்டுதா?"

"மீனக் காட்டுது" என்றான் ரோஹித் பரிதாபமாக.

மீன் தொட்டி போயிற்று. பனி போயிற்று. லண்டன் மணி போயிற்று. மெழுகுவர்த்திகளையும் பாட்டையும் ரோஹித்தே எடுக்கச் சொல்லிவிட்டான். எண்ணும் பெட்டியை மட்டும் கையால் மறைத்துக்கொண்டான்.

"இது இருக்கட்டும். நம்ம பிளாக்குக்கு எம்புட்டுப் பேரு வந்திருக்காங்க பாரு!"

"எல்லாம் நீ தெறந்து தெறந்து பாத்ததுதான். வரவேண்டியது ஒரே ஆளு. அவ வந்தா எனக்குத் தெரியாதா?"

கீழே ஒரு பெட்டி இருந்தது. படிப்பவர்கள் பதில் எழுதும் பெட்டி. அதில் யாரும் இதுவரை எழுதியதில்லை. அழகும் கிடையாது. "இதையும் எடுத்துறலாமா?" என்றான் ரோஹித்.

"அத விட்டுடு" என்றாள் ஜெஸ்ஸி அவசரமாக. "அதுலதான் பானு பேசுவா."

எழுத்துக்கும் ஒரு வழி வேண்டும். எல்லாக் கம்ப்யூட்டரிலும் தெரிகிற தமிழ் எழுத்து இருக்கிறதா என்று பாரூக் அண்ணனிடம் கேட்டாள்.

"யூனிகோடுல அடிச்சா தெரியும் பாப்பா. அதுக்கு ஒரு சாப்ட்வேர் ரொம்ப நாளா இதுல கெடக்கு. இங்கிலீஷ் எழுத்துல அம்மான்னு தட்டுனா தமிழ்ல அம்மான்னு விழும். பத்திரிகை எழுத்து மாதிரி சுழிச்சுக்கிட்டு அழகா இருக்காது."

"அழகு வேணாம்ண்ணே. தெரிஞ்சா போதும்."

சொன்னபடியே நாலாம் நம்பரில் ஒரு கட்டம்கூட இல்லாமல் தமிழ் வந்தது. படத்தைச் சின்னதாக்கி ஏற்றினால் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும் என்பதையும் ஜெஸ்ஸி போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

இனி மாலை இல்லாத பட்டாணி படம் ஒன்று போட்டால் முடிந்தது. ரோஹித் செல்போனில் இருந்த பழைய படங்களைத் தேடத் தொடங்கினான்.

"பழசு ஆகாது" என்றாள் ஜெஸ்ஸி. "கிறிஸ்துமஸுக்கு முன்னாடி எடுத்ததுன்னு சொல்லுவா. அவ எடத்துல நான் இருந்தாலும் அதத்தான் சொல்லுவேன்."

ஆகவே கிறிஸ்துமஸ் முடியும்வரை காத்திருந்தார்கள். சித்தப்பா வந்தார். கொல்லைப் பக்கம் போய்ப் பட்டாணியின் முதுகைத் தட்டிப் பார்த்து, "நல்லாத் தேறிருச்சே" என்றார். ஜெஸ்ஸி அன்று முழுக்கப் பட்டாணியின் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். பிரியாணிகூட அங்கேதான் சாப்பிட்டாள். கறி கடையிலிருந்துதான் வந்தது. பட்டாணிக்கு அகத்திக்கீரை.

புது வருஷம் பிறந்தது. ஜெஸ்ஸியின் அப்பா ராயப்பராஜ் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் வழக்கமாகச் சவாரி ஏற்றும் இரும்புக் கடையில் தினசரிக் காலண்டர் கொடுத்திருந்தார்கள். தேதி கிழிக்கும் தடித்த காலண்டர். மேல் தாளில் கொட்டை எழுத்தில் ஜனவரி 1, 2009.

ஜெஸ்ஸிக்கு அதைப் பார்த்ததும் யோசனை வந்துவிட்டது. காலண்டரைக் கொல்லைச் சுவரில் ஆணியில் மாட்டினாள். பட்டாணியை அதன் பக்கத்தில் நிறுத்தினாள்.

"தேதியும் தெரியணும், பட்டாணியும் தெரியணும். எடு அண்ணே."

"செத்த பொறு. நேரா நிக்கச் சொல்லு. பட்டாணி, இங்க பாரு. சிரி."

பட்டாணி ரோஹித்தைப் பார்க்கவில்லை. காலண்டரைப் பார்த்தது. மூக்கை நீட்டி முகர்ந்தது. ரோஹித் பொத்தானை அழுத்தவும் பட்டாணி வாயைத் திறக்கவும் சரியாக இருந்தது. சர்ரென்று ஒரு சத்தம்.

"ஐயோ! ஜனவரி ஒண்ணு போச்சு!" என்று ஜெஸ்ஸி பாய்ந்தாள். பாதித் தாள் பட்டாணியின் வாய்க்குள் இருந்தது. மீதியைப் பிடித்து இழுத்தாள். பட்டாணி மீதியையும் வாங்கிக்கொண்டது.

சத்தம் கேட்டு அப்பா வந்து எட்டிப் பார்த்தார். "வருஷம் பொறந்து இன்னும் குளிக்கக்கூட இல்ல. அதுக்குள்ள ஒரு நாளத் தின்னுட்டியாடா?" என்று கேட்டுவிட்டுப் பல் விளக்கப் போனார்.

"போட்டோ கெட்டுருச்சு. வேற எடுப்போம். நாளைக்கு ரெண்டாந்தேதி இருக்குல்ல" என்றான் ரோஹித்.

ஜெஸ்ஸி செல்போனை வாங்கிப் பார்த்தாள். படம் கொஞ்சம் ஆடியிருந்தது. பட்டாணியின் வாயில் ஜனவரி தாள் தொங்கியது. '1, 2009' என்பது மட்டும் வெளியே தெளிவாகத் தெரிந்தது. பழுப்புக் காது காற்றில் பறந்தது. இரண்டு கண்களிலும் திருட்டு முழி.

அவளுக்கு முகம் மலர்ந்தது. "இதுதான்" என்றாள். "செத்துப்போன ஆடு காலண்டரத் தின்னுமா?"

சாயங்காலம் நெட் சென்டரில் கரண்ட் போய், வந்து, மறுபடி போய், ஒருவழியாகப் படம் ஏறியது. ரோஹித் சட்டம் இருக்கும் சாப்ட்வேரை ஒரு முறை ஆசையாகப் பார்த்தான். ஜெஸ்ஸி அவனைப் பார்த்தாள். அவன் கையைக் கட்டிக்கொண்டான்.

படத்தின் கீழே ஜெஸ்ஸி எழுதினாள்.

'பானு, பட்டாணி சாகவில்லை. மாலை போட்டது எங்கள் தப்பு. அழகாக இருக்கும் என்று நினைத்துவிட்டோம். இது இன்றைக்கு எடுத்த படம். தாளை வாயிலிருந்து பிடுங்கப் பார்த்தேன், முடியவில்லை. நீ வரும்வரை நான் பார்த்துக்கொள்வேன். ஜெஸ்ஸி.'

நாலாம் நம்பர் கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். படம் வந்தது, எழுத்து வந்தது. வேறொன்றும் இல்லை.

ஆனால் பானு அதைத் திறக்க வேண்டுமே! கோபத்தில் இருக்கிறவள் திறப்பாளா? ஜெஸ்ஸி சோலைமலைக்குப் போன் போட்டாள். "மாமா, பானுகிட்ட ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இன்னும் ஒரு தடவ அந்தப் பக்கத்தப் பாக்கச் சொல்லுங்க. பாத்துட்டுப் பேசலேன்னாலும் பரவால்ல."

"சொல்றேன் கண்ணு" என்றார் சோலைமலை. பின்னால் பானு மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

பள்ளிக்கூடங்கள் திறந்தன. வெள்ளிக்கிழமை வந்தது. கடைசி மணி அடித்ததும் ஜெஸ்ஸி புத்தகப் பையோடு நெட் சென்டருக்கு ஓடினாள். ரோஹித் அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். பதில் பெட்டி காலியாக இருந்தது. மறுபடி திறந்தார்கள். காலி. பாரூக் அண்ணனும் கல்லாவை விட்டு எழுந்து வந்து அவர்கள் பின்னால் நின்றுகொண்டார்.

"ஒருவேளை கரண்ட் இல்லையோ என்னமோ" என்றான் ரோஹித். ஜெஸ்ஸி நகத்தைக் கடித்தாள். இன்னொரு தடவை திறந்தாள்.

பதில் பெட்டியில் ஒரு வரி இருந்தது. பானுவின் பள்ளிக்கூடத்தில் தமிழ் தட்ட வழியில்லை. ஆங்கில எழுத்துகளில் தமிழை அடித்திருந்தாள். ஜெஸ்ஸி எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள்.

'பட்டாணிக்குப் பேப்பர் குடுக்காதீங்க. வயிறு வலிக்கும்.'

மறுபடி திறந்தபோது அதற்குக் கீழே இன்னொரு வரி வந்திருந்தது.

'கொம்பு மொளச்சிருச்சா? சொல்லவே இல்ல!'

ஜெஸ்ஸி நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டாள். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது. ரோஹித் சும்மா இருக்காமல் பாரூக் அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

அன்று சாயங்காலமே போன் வந்தது. அப்பா எடுத்து, ஜெஸ்ஸியிடம் நீட்டினார்.

"ஜெஸ்ஸி..." என்றாள் பானு. "எங்க கிளாஸ்ல எல்லாரும் பாத்தாங்கடி. ஒரே சிரிப்பு. டீச்சரும் சிரிச்சாங்க. அடுத்த வெள்ளிக்கிழம என்ன தின்னும்னு கேக்குறாங்க."

"எது கெடைக்குதோ அது" என்றாள் ஜெஸ்ஸி.

"பட்டாணிகிட்ட போனக் குடு."

ஜெஸ்ஸி கொல்லைக்குப் போய்ச் செல்போனை நீட்டினாள். பட்டாணி அதை மேலும் கீழும் பார்த்தது. முகர்ந்தது. "ஏய், அதத் தின்னுறப் போகுது, பாத்து!" என்று அப்பா உள்ளேயிருந்து கத்தினார். பட்டாணி கழுத்தை நீட்டி, நாகல் நகரே கேட்கும்படி, "ம்மேஏஏ!" என்று கத்தியது.

அந்தப் பக்கம் பானு மெதுவாகக் கேட்டாள்.

"ஜெஸ்ஸி, இது ரோஹித் அண்ணன் இல்லையே?"